தபீதாள் மேல் நிற்கும் கம்ப்யூட்டர்

சித்தூர் டைப் கடைக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் எழுத்துப்பிழை தேடிக்கொண்டு ஒவ்வொரு பெயர்மேலும் நின்று, தப்பு என்று கீச்சிடுகிறது. தன் சர்ச் சபையாருக்கு அரசாங்க வீட்டுமனை கேட்டு, கடையில் டைப் அடிக்கும் யூனிஸ் இங்கிலீஷில் அடித்த பெயர்ப் பட்டியலைத்தான் அது பார்க்கிறது. ஏசுரத்தினத்தையும் கிருபானந்தத்தையும் 'விடு' என்று சொல்லித் தாண்டியாயிற்று. பச்சை எழுத்துகள் துடிக்கின்றன. நாற்காலிக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. அடுத்த பெயர் தபீதாள், அவளுடைய அம்மா. மறுபடி கீச்சொலி, பக்கத்தில் அதற்குப் பதிலாக வேறொரு பெயர்.

"அது சொல்ற பேரயே போட்டுடும்மா. திருப்பதி பஸ்ஸு கெளம்பிகினு கீது," என்கிறார் முதலாளி சுந்தர்சிங், பட்டியலை பஸ்ஸில் கொடுத்தனுப்பக் கையில் உறையோடு.

"ரேஷன் கார்டுல இப்பிடித்தான் கீது சார். மாத்துனா மனை வராது."

"மிஷினுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"மிஷினு எங்கம்மாவ பாத்துகீதா சார்?"

அவர் உறையால் விசிறிக்கொள்கிறார். இந்தப் பெயரைக் கற்றுக்கொள் என்று சொல்லும் சாவியை, அதுவரை தொடாத சாவியை, யூனிஸ் அழுத்துகிறாள். விரலின் வியர்வை அதில் ஒட்டுகிறது. கீழே, பதினேழாவது வரியில், இன்னொரு தபீதாள் இருக்கிறாள், பட்டறைத் தெரு விதவை. வரிகள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. யூனிஸின் கால் ஆட்டம் நிற்கிறது. பதினேழாவது வரியின் தபீதாள்மேல் கம்ப்யூட்டர் நிற்காமல் போகிறது.