முன்னே நட, வலப்பக்கம் திரும்பு

டிரில் மாஸ்டர் விசில் ஊதினால் பக்கத்துத் தெருவில் போகிற பஸ் நின்றுவிடும். கண்டக்டர் இறங்கி வந்து, யார் ஏறணும் என்று கேட்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் இன்று ஒரு சாண் உயர ரோபோவைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு மைதானத்தில் புதுக் கட்டடம் எழும்பியதும் டிரில் பீரியட் போயிற்று. அதே மாதம் ரோபோ வகுப்பு ஆசிரியரும் வேலையை விட்டுப் போனார். உங்களுக்கு கம்ப்யூட்டர் வருமா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்க, தண்ணி பட்ட பாடு என்று அளந்துவிட்டார் மாஸ்டர். மவுஸை எந்தக் கையால் பிடிப்பது என்று அன்று சாயங்காலம்தான் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஆனாலும் வகுப்பு ஜாம்ஜாமென்று நடந்தது. பழைய ஆசிரியர், உடைந்துவிடும் என்று ஆறு ரோபோக்களையும் பீரோவில் பூட்டிவைத்துப் படம் காட்டியவர். மாஸ்டர் முதல் நாளே சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்து, உடைஞ்சா நான் பார்த்துக்கறேன் என்றார்.

அப்புறம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "முன்னே நட, வலப்பக்கம் திரும்பு" என்று அவர்களையே ரோபோ ஆக்கினார். கட்டளை வரிசை மாறினா முட்டிக்குவீங்க, இதுதான் புரோகிராம் என்றார். அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். மீதியைப் பிள்ளைகள் கையேட்டைப் பார்த்துத் தாங்களே படித்துக்கொண்டார்கள்.

இன்று இன்ஸ்பெக்டர் வருகிறார். காலையிலேயே வகுப்பு வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"அவர் நல்லபடியா எழுதலைன்னா உங்களை வெச்சுக்க எனக்கு வழியில்ல மாஸ்டர்."

கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே பிள்ளைகள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஆறில் ஒன்றைக் காட்டி, ஓட்டச் சொன்னார். மாஸ்டருக்கு உயிர் வந்தது. அது, பட்டாசு என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண்ணின் ரோபோ. வகுப்பிலேயே கெட்டிக்காரி, அவள் புரோகிராமில் இதுவரை தப்பு வந்ததே இல்லை. தரையில் ஒட்டிய கறுப்பு டேப் மேல் நேரே போய், வலப்பக்கம் திரும்பி, பெட்டியைத் தொடவேண்டும். அவளுக்கு அது சுண்டைக்காய்.

ரோபோ புறப்படுமுன்னே வலப்பக்கம் திரும்பி, விறுவிறுவென்று போய் இன்ஸ்பெக்டர் ஷூவில் ஏறி நின்றது.

ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர் பட்டாசை விட்டுவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"எங்கே தப்புன்னு நீங்க சொல்லுங்க."

மாஸ்டர் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார். திரையில் கலர் கலராய்க் கட்டளைக் கட்டங்கள். உற்றுப் பார்த்தார். அட, இருபது வருஷமாக அணிவகுப்பில் பிடித்த அதே தப்பு.

"நடக்கறதுக்கு முன்னாடியே திரும்பிட்டான் சார்" என்று இரண்டு கட்டங்களை இடம் மாற்றிப் போட்டார். ரோபோ நூல் பிடித்த மாதிரி போய்ப் பெட்டியைத் தொட்டது.

ஒரே நொடியில் தப்பைப் பிடிக்கிற இப்படியோர் ஆசிரியரைக் கண்டதில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுக் கிளம்பினார் இன்ஸ்பெக்டர்.

மாஸ்டருக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது. பட்டாசைக் கூப்பிட்டு வெளுத்து வாங்கினார். படிச்சுப் படிச்சுச் சொல்லியும் இந்த அரிச்சுவடித் தப்பா, நான் மட்டும் பார்க்கலைன்னா பள்ளிக்கூட மானம் என்ன ஆகியிருக்கும் என்றார். அவள் தலையைக் குனிந்து, "சாரி சார்" என்றாள்.

"மத்தவங்களுது எப்படி ஓடுதுன்னு பாரு" என்று அடுத்த ரோபோவைத் தட்டிவிட்டார்.

அது எடுத்த எடுப்பில் வலப்பக்கம் திரும்பிச் சுவரில் முட்டியது. அதற்கடுத்தது பீரோவில். மிச்சம் மூன்றும் அப்படியே, அணிவகுப்பு மாதிரி.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். வகுப்பே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எந்த ரோபோவைக் கேப்பாருன்னு எங்களுக்குத் தெரியாதே சார்" என்றாள் பட்டாசு மெதுவாக. "உங்களுக்குத் திருத்தத் தெரிஞ்ச தப்பு அது ஒண்ணுதானே."