வீரசிங்கத்தின் சோரி

"அங்கிள், இன்னொரு சோரி சொன்னீங்க, நான் வேற நர்ஸைக் கூப்பிட்டுடுவேன் லா!"

லோகேஸ்வரி பொய்க்கோபத்தோடு அதட்டினாள். கட்டிலில் படுத்திருந்த வீரசிங்கம், "சோரி பிள்ளை" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

கோலா சிலாங்கூரில் அந்த டயாலிசிஸ் மையத்தில் அவருக்குப் பெயரே 'சோரி ஐயா'தான். மிஷின் கத்தினால் சோரி, போர்வை நழுவினால் சோரி, தும்மினால்கூடச் சோரி. வாரம் மூன்று நாளும் இதே பாட்டு.

இத்தனைக்கும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் அந்தச் சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. கிராணி போய் கூலியாட்களிடம் மன்னிப்புக் கேட்பதா? கௌரவம் என்னாவது!

சோரி மழை ஆரம்பித்தது ஆறு மாதத்துக்கு முன்புதான். லோகேஸ்வரி பேச்சுவாக்கில் தன் அப்பா பெயரையும் அவர் வேலை பார்த்த எஸ்டேட்டையும் சொன்ன நாளிலிருந்து.

முப்பது வருஷத்துக்கு முன், பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் ஆட்களெல்லாம் வரிசையில் நிற்க, "உர மூட்டையைத் திருடினவன் இவன்தான்!" என்று தேவன் என்ற கூலியாளைக் கைகாட்டியவர் வீரசிங்கம். மறுநாளே மூட்டை ஸ்டோர் மூலையில் அவர் கண்ணிலேயே பட்டது. எண்ணிக்கையில் பிசகியது அவரேதான். சத்தமில்லாமல் அதை மற்ற மூட்டைகளோடு சேர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கள்ளன் என்ற பெயரோடு தேவன் எஸ்டேட்டை விட்டுப் போனான். அவன் மகள்தான் இந்த லோகேஸ்வரி.

அவளுக்குக் கிள்ளானுக்கு மாற்றல். இன்று இங்கே கடைசி நாள். இன்று விட்டால் இனி எந்த ஜென்மத்தில் சொல்வது? காலையில் சாமி படத்தின் முன் சத்தியம் பண்ணிவிட்டே கிளம்பியிருந்தார்.

அவள் ஊசியைக் கழற்றிப் பஞ்சை அழுத்தியதும், வீரசிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, சிரிக்காமல் கேளும். உம்மட அப்பா களவெடுக்கேல்லை. மூட்டை ஸ்டோரிலதான் கிடந்தது. தெரிஞ்சும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

சொல்லிவிட்டார். திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

லோகேஸ்வரி நிதானமாக பிளாஸ்திரியை ஒட்டினாள்.

"தெரியும் அங்கிள். நீங்க அந்த மூட்டைய நகர்த்தி வச்சப்போ அப்பா ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியதான் நின்னாராம். துரைகிட்ட சொன்னா உங்க வேலை போயிடும், உங்க வீட்டுல கைக்குழந்தை வேற இருக்குன்னு பேசாம போயிட்டாரு."

வீரசிங்கம் சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"அப்ப... நீர் என்னை முதல்லயே..."

"நீங்க இங்க வந்த மொத நாளே தெரியும். அதான் எனக்கு சோரி வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்பா இங்க பக்கத்துல ராசா டவுன்லதான் இருக்காரு அங்கிள். நீங்களே ஒருநாள் வந்து சொல்வீங்கன்னு, இன்னமும் நம்பிக்கிட்டு இருக்காரு."