ஸ்பூன் தட்டும் இடம்

அங்கயற்கண்ணிக்கு ஜார்ஜிய மொழி தெரியாது. லெவானுக்குத் தமிழ் தெரியாது. ஓர் எழுத்தாளர் முகாமில் பழக்கமாகி, பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் போனில் ஒருவருக்கொருவர் தத்தம் மொழியிலேயே புதுக்கதையை வாசித்துவந்தார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் பேசிவைத்த விதி ஒன்றே ஒன்று: வாசிப்பவரின் குரல் எங்கே பொய் சொல்கிறதோ, அங்கே கேட்பவர் ஸ்பூனால் டீ கிளாஸைத் தட்டவேண்டும். அந்த வரியை அடித்துவிடவேண்டும். தமிழ் தெரிந்தவர்கள் யாரும் அவளுக்கு அப்படித் தட்டியதில்லை. "பிரமாதம்மா" என்பார்கள், அத்தோடு சரி.

மாசியில் லெவான் இறந்துபோனான். அடுத்த ஞாயிறும் அவள் அதே எண்ணை அழைத்தாள். எடுத்தது, ஞாயிறுதோறும் அவன் அருகிலேயே உட்கார்ந்திருந்த அவன் மனைவி. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அந்த மனைவி போனை வைக்கவில்லை. அங்கயற்கண்ணி லெவானைப் பற்றி எழுதியதை வாசிக்கத் தொடங்கினாள்.

"யாருக்குக்கா படிக்கிற? கேக்குறதுக்குத்தான் ஆளில்லையே" என்றான் தம்பி.

அவள் கையமர்த்திவிட்டுக் கடைசி வரிக்கு வந்தாள்: 'இனி நான் தனியாக எழுதப் பழகிவிடுவேன்.'

மறுமுனையில் டீ கிளாஸ் ஒருமுறை ஒலித்தது.

பேனா கையில்தான் இருந்தது. அவள் அந்த வரியை அடிக்கவில்லை. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு முறை வாசித்தாள்.