பத்தொன்பது

பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். தட்டில் ரத்தம் ஊறிக் கிடந்த காஸ் துணிகள் பத்தொன்பதுதான். நோயாளியின் வயிற்றுக்குள் போனது இருபது.

டாக்டர் தைப்பதற்கு ஊசி கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இருபது வரட்டும் டாக்டர், ஊசி தரேன்."

மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். உதவி டாக்டர் முகமூடிக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. டப்பா அக்கா ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும், எனக்கென்ன.

டப்பா அக்கா, என் பட்டப்பெயர். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். பெரிய டாக்டரானாலும் சரி, தரை துடைப்பவரானாலும் சரி, போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் எண்ணிக்கையின் நடுவில் யாரோ போனைப் பார்க்கப்போய், ஒரு துணி உள்ளேயே தங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் வயிற்றை இரண்டாம் முறை திறக்க வேண்டி வந்தது. நல்லவேளை, பிழைத்தாள். அன்றிலிருந்து இந்த டப்பா.

இன்று மேசையில் கிடந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் துணியிலிருந்து ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

ஏழாவது. விளக்கைத் தாழ்த்தச் சொல்லிவிட்டு டாக்டர் இடது கையால் வாங்கினார். உள்ளே செருகினார். அதற்கப்புறம் அது வெளியே வந்து நான் பார்க்கவில்லை.

"கல்லீரலுக்குக் கீழ, வலது ஓரத்துல பாருங்க."

விரலை விட்டுத் துழாவினார். சுருண்டுபோய், நனைந்து வந்தது.

இருபது.

அப்பாடா! தியேட்டரே மூச்சு விட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஊசியை எடுத்து நீட்டினேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். உதவி டாக்டர் டப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தன் போனை எடுத்தார். மற்றவர்களும் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

அடியில் என்னுடையது கிடந்தது. தினமும் டப்பாவில் முதலில் விழுவது அதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் தியேட்டர் அலமாரியில் மின்னியதும் அதுதான். பதினான்கு என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

ஒரு ரோஜாப்பூ படம். கீழே, 'இனிய காலை வணக்கம்'.