மேல் இறக்கை

கீழ் இறக்கையை எடுத்து மேல் இறக்கையின் மீது வைத்தார்.

பொருந்தவில்லை.

எடுத்தார். நடுவில் ஏதோ தூசு கிடந்துதான் தள்ளிவிட்டது என்பதுபோல வாயால் ஊதிவிட்டு, மறுபடி வைத்தார்.

அப்போதும் பொருந்தவில்லை.

ரிமோட்டில் பறக்கிற இரட்டை இறக்கை விமானம். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே அளவு. மேஜையில் விரித்த வரைபடத்தின் மேல் பால்சா என்ற லேசான மரக் குச்சிகளை வைத்து, கோட்டுக்குக் கோடு குண்டூசி குத்தி, பசை காய்ந்ததும் எடுக்க வேண்டியதுதான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கோட்டின் மேல் கட்டையை வைக்கத் தெரிந்தால் போதும்.

கீழ் இறக்கையை ஆடி மாதம் கட்டினார். மேல் இறக்கையை இந்த வாரம்.

இரண்டின் விளிம்பும் சரியாகத்தான் நின்றன. உள்ளே குறுக்காக நிற்கும் மெல்லிய விலாக்கட்டைகள்தான் தள்ளி நின்றன. ஒன்றிரண்டு என்றால் கை தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். அத்தனையும் தள்ளியிருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, ஒரு நெல் அகலத்துக்கு.

வரைபடத்தைத் திட்டினார். ஐப்பசி ஈரத்தில் காகிதம் இழுத்துக்கொள்ளும், தெரிந்த விஷயம்தானே.

கீழ் இறக்கையைத் தூக்கி வரைபடத்தின் மேல் வைத்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

அச்சாகப் பொருந்தியது. காகிதம் பாவம், அதன்பாட்டுக்கு இருந்திருக்கிறது.

இடது கண்ணைத் திறந்தார்.

ஒவ்வொரு கோடும் இரண்டாகப் பிரிந்தது.

இந்த வாரம் முழுக்க எந்தக் கோட்டில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

தூக்கம் போதவில்லை, அதனால்தான் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனைவியிடம் அல்ல, தன்னிடமேதான். ரயில் ஓட்டுகிறவனுக்கு என்றைக்குத் தூக்கம் போதியிருக்கிறது?

இரவில், தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு இரண்டாகத் தெரியும். இரண்டும் சிவப்பு, நிறுத்தினால் போயிற்று என்று சமாதானம் வைத்திருந்தார். ஆனால் பக்கத்துத் தடத்துக்கும் ஒரு சிக்னல் உண்டே. அங்கே பச்சை எரிந்தால் அதுவும் இரண்டு. சிவப்பு இரண்டு, பச்சை இரண்டு. இதில் நம்முடையது எது?

ஜிதின் சொல்லிவிடுவான். ஜிதின் அவருடைய உதவி ஓட்டுநர், இளம் பையன், கழுகுக் கண். சிக்னல் கண்ணில் பட்டதும் என்ஜினில் இருக்கிற இருவரும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. முன்பெல்லாம் அவர்தான் முதலில் சொல்லுவார். ஜிதின் பின்பாட்டுப் பாடுவான்.

இப்போது ஜிதின் சொன்ன பிறகுதான் அவர் சொல்கிறார். அவனுக்கு அது தெரியாது. சாருக்கு மரியாதை கொடுக்காமல் முந்திக்கொள்கிறோமோ என்று போன வாரம் அவனாகவே கொஞ்சம் அடக்கி வாசித்தான். அந்த இரண்டு மூன்று நொடியில் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

அடுத்த மாதம் கண் சோதனை. அதில் ரயில்வே டாக்டர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்தால் என்ஜினிலிருந்து இறக்கி ஏதாவது ஒரு அறையில் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். அதை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டும். ஒரு மாதம்தானே. இத்தனை வருஷம் போன தடம், கையே பார்த்துக்கொள்ளாதா?

கோடு போட்டுக் கொடுத்த காகிதத்தின் மேலேயே கை பார்த்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, ரெண்டு பேருத்துக்கும் தக்காளி சோறு கட்டிட்டேன். நேரமாச்சு, கெளம்போணுமல்லோ?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

ரெண்டு பேருக்கும். அவருக்கும் மிதுனாவுக்கும்.

மகள் சென்னையில் படிக்கிறாள். லீவு முடிந்து ஈரோட்டிலிருந்து விடுதிக்குத் திரும்பும்போதெல்லாம் அப்பா ஓட்டுகிற வண்டியில்தான் போவாள். அப்பாவுக்கு என்றைக்கு டூட்டி என்று கேட்டுக்கொண்டுதான் டிக்கெட்டே போடுவாள். வண்டி கிளம்புமுன் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். வண்டி குலுங்கினால் மற்றவர்கள் எழுந்து பார்ப்பார்களாம், இவள் புரண்டுகூடப் படுக்கமாட்டாளாம். தோழிகளிடம் பெருமையாகச் சொல்வதை அவரே கேட்டிருக்கிறார்.

மேல் இறக்கையை இரண்டு கையாலும் தூக்கினார். காற்றை அள்ளியதுபோல அத்தனை லேசு. எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

மிதுனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். செருப்பைத் தேடிக் காலால் துழாவினாள்.

"கெளம்பலாமாப்பா?"

அவர் தலை நிமிரவில்லை.

"நீ இன்னைக்கு பஸ்ஸுல போயிக்கோ கண்ணு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

மிதுனா ஒரு காலில் செருப்போடு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்கப்பா? நீங்கதான வண்டிய ஓட்டறீங்க?"