பர்மாக்காரர் கண் திறந்தார்

பொன்னுச்சாமி மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவே சம்மணம் போட்டுக் கண்ணை மூடியது காலையில். இப்போது உச்சிவெயில். இன்னும் அசையக் காணோம்.

இந்தப் பக்கம் கம்பு, அந்தப் பக்கம் அரிவாள். அவரைத் தாண்டிப் போய் வெட்டிக்கொள்ள ஒருத்தருக்கும் கால் எழவில்லை.

போன வருஷம்தான் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். "சண்டைய விடுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அங்க புத்த சாமியாருக இப்படித்தான் உக்காருவாக" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். யார் காதில் ஏறியது? நம் ஊரில் ஒரு மனுஷன் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்தால் ஒரே அர்த்தம்தான். சாமி இறங்கிவிட்டது, குறி சொல்லப் போகிறது.

"படப்புக்குத் தீ வச்சவன் பேரச் சொல்லப் போறாக, பாரு" என்றாள் சந்தனம்மாள். எரிந்தது அவள் மாட்டுக்கென்று அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்பு. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் கருத்தப்பாண்டி ஓரடி பின்னால் நகர்ந்தான்.

தீ வைத்தவன் எவனும் இல்லை. இவன் போட்ட பீடித்துண்டு. படப்போரம் பீடி குடிக்காதே என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நேற்று ஊர் கூடிக் கேட்டபோது, பெண்டாட்டி முன்னால் தலைகுனிய மனமில்லாமல், கீழத்தெரு இருளப்பசாமிதான் அந்தப் பக்கமாகப் போனான் என்று சொல்லித் தொலைத்தான். அவ்வளவுதான், மேலத்தெருக்காரர்கள் இருளப்பசாமியின் மண்டையை உடைத்துவிட்டார்கள்.

அதோ, திருச்சுழி ஆஸ்பத்திரியில் போட்ட கட்டோடு எதிரே நிற்கிறான். கருத்தப்பாண்டியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீ, ஒரு பீடித்துண்டுக்காக!

பொன்னுச்சாமி கண் திறந்தார். நேரே கருத்தப்பாண்டியைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நான்தான் சாமி! என் பீடிதான்! இருளப்பசாமி ஒரு பாவமும் அறியாதவன்!" என்று அலறிவிட்டான்.

இரண்டு பக்கமும் கம்பும் அரிவாளும் தாழ்ந்தன. சந்தனம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பொன்னுச்சாமி ஒன்றும் விளங்காமல் விழித்தார். "எனக்கு என்னய்யா தெரியும்? காலு மரத்துப்போச்சு, யாராச்சும் பிடிச்சு விடுங்கன்னு சொல்ல வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. இருளப்பசாமிதான் முதலில் வந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவருடைய வலது காலை நீவிவிட்டான். நிமிராமலே சொன்னான்: "என்னண்ணே நிக்கிறீக? இடது கால நீங்க பிடிங்க."

கருத்தப்பாண்டி மண்டியிட்டான்.

பிடித்தது இருளப்பசாமியின் காலை.