தளர்ந்த திருகு

இன்ஜின் சீராகத்தான் ஓடியது. ஆனால் குழாய் முனையிலிருந்து தண்ணீர் செடிக்கு ஊற்றுவது போல விழுந்தது.

லிண்டன் விசையை விட்டான். மறுபடி அழுத்தினான். அதே கதை.

நேற்று மதியம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் இதே பிரஷர் வாஷர் வாசல் படியிலிருந்த சேற்றைத் தோல் போல உரித்தெடுத்தது. அதன் பிறகு பக்கத்து வீட்டு மெர்வ் இரவல் வாங்கிப் போனார். இன்று காலை கொண்டுவந்து வைத்தார், பளபளவென்று துடைத்து.

வெள்ளம் வடிந்து பதினாறு நாளான ஊரில் யாரும் எதையும் துடைத்துத் தருவதில்லை.

அண்ணன் ராஸை அடக்கம் செய்த கையோடு, அவன் வீட்டைக் கழுவிக் கொடுக்கத்தான் லிண்டன் பிரிஸ்பேனிலிருந்து இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தான். மரச்சுவரில் சேறு இறுகிவிட்டால் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். இன்று நடுக்கூடத்தைக் கழுவுவதாகத் திட்டம்.

இன்ஜினை அணைத்துவிட்டு முழங்காலிட்டான்.

தண்ணீர் தரும் தோட்டக் குழாய்க்கு அடியில் வாளியை வைத்துப் பார்த்தான். ஒரு நிமிடத்தில் நிரம்பி வழிந்தது. தண்ணீர் வரத்தில் குறையில்லை.

உள்ளே காற்று அடைத்திருக்கலாம். இன்ஜினை ஓட்டாமலே விசையை அழுத்திப் பிடித்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

வேலியோரம் மெர்வ் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது, கனத்த உடம்பு. தினமும் ஏதாவது சாக்கில் வந்துவிடுவார். அண்ணன் மனைவி டெஸ்லியோடு பின்படியில் உட்கார்ந்திருப்பார். லிண்டன் தலை தெரிந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அன்று வெள்ளம் ஏறியபோது இந்த வீட்டில் ராஸ், டெஸ்லி, மெர்வ் என மூன்று பேர் இருந்தார்கள். படகுக்காரர்கள் கூரைத் தகரத்தை வெட்டி இறக்கியது இரண்டு பேரை. போலீஸார் தனித்தனியாக விசாரித்தபோது இருவரும் சொன்னது ஒரே வார்த்தை.

"அவன் ஏறல."

அதற்கு மேல் லிண்டனிடமும் அவர்கள் எதையும் சொல்லவில்லை.

தண்ணீர் நுழையும் இடத்திலிருந்த சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு மணல்கூட இல்லை. முனையைக் கழற்றி ஊசியால் குத்தி ஊதினான். அடைப்பில்லை. பம்ப்பின் கண்ணாடிப் பொட்டில் எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. உள்ளே தண்ணீர் கசிந்திருந்தால் பாலாக வெளுத்திருக்கும்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். பம்ப்பின் தலையில், மிஞ்சும் தண்ணீரைத் திருப்பிவிட்டு அழுத்தத்தைக் கட்டிவைக்கும் வால்வு.

அதன் திருகின் மேல் கம்பெனிக்காரன் வைத்த சிவப்பு மைப்பொட்டு இரண்டாக உடைந்திருந்தது. திருகு அடியோடு தளர்ந்திருந்தது. முனையில் ஸ்பேனர் கடித்த புதுத் தழும்பு.

ஆக, இது தானாகக் கெட்டதல்ல.

லிண்டன் ஸ்பேனரோடு எழுந்து வேலிக்குப் போனான்.

"இதுல கை வச்சது நீங்கதானே?"

மெர்வ் திருகைப் பார்க்கவில்லை. லிண்டனின் தோளுக்கு மேலாக வீட்டைப் பார்த்தார்.

"வாயத் தொறங்க மெர்வ். வேற என்னத்த எல்லாம் மறைக்கிறீங்க? எங்க அண்ணன் ஏன் ஏறல?"

"அவர எதுக்குடா உலுக்குற?"

டெஸ்லி பின்படியில் நின்றிருந்தாள். "திருகினது நான். காலையில நீ டீ குடிக்கும்போது. இருபது வருஷம் பால் பண்ணையில பம்ப்போட மாரடிச்சவ, எனக்குத் தெரியாதா?"

"எதுக்கு?"

"கூடத்தக் கழுவாதன்னா ஏன்னு கேப்ப. எனக்கு அதச் சொல்ல வாய் வரல."

அவள் உள்ளே போனாள். அவன் பின்னால் போனான்.

கூடத்தில் சேற்றுக்கறை கதவு நிலையின் மேல் சட்டம் வரை இருந்தது. வந்த நாளிலிருந்து அவன் கறையைத்தான் பார்த்திருந்தான். அதற்கு மேலே பார்த்ததில்லை.

டெஸ்லி அண்ணாந்து காட்டினாள். சுவரோரமாகக் கூரைக்குள் ஏறும் சதுர ஓட்டையின் கீழே, வெள்ளைச் சுவர்ப் பலகையில், சேற்றில் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் விரித்து, பலமாக ஊன்றிய கை.

"மேசை மேல ஏறி நின்னு என்னைத் தோள்ல தூக்கினான். அப்ப ஊனினது."

அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அது முதலாவதைவிட ஆழமாக அழுந்தியிருந்தது.

"அது மெர்வ ஏத்துனப்ப."

வாசல்வரை வந்த மெர்வ், நிலைக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

"அப்புறம்?" என்றான் லிண்டன். "ரெண்டு பேரும் மேல இருந்தீங்கல்ல?"

"கைய நீட்டினோம். ரெண்டு பேரும்தான் நீட்டினோம். எங்கள கீழேருந்து தள்ள அவன் இருந்தான், லிண்டன்." டெஸ்லி ஓட்டையின் விளிம்பைக் காட்டினாள். "அவனத் தள்ள யாரும் இல்ல. மேசை நகர்ந்துடுச்சு."

அவன் மறுபடி அண்ணாந்து பார்த்தான்.

ஓட்டையின் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே மூன்றாவது கை இருந்தது. அதில் உள்ளங்கை இல்லை. விரல்நுனிகளிலிருந்து தொடங்கிய ஐந்து கோடுகள் மட்டும், பலகையோடு நேராக இறங்கி, சேற்றுக்கறைக்குள் போய் மறைந்திருந்தன.